சிரிக்க மறுத்த நாள்

வட டகோடா என்று அமெரிக்காவில் ஒரு மாநிலம் இருக்கிறது. கனடாவுக்குப் பக்கத்து வீடு. குளிரும் கோதுமையும்தான் அங்கே விசேஷம். அந்த மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1957 செப்டம்பர் 17-ம் தேதி சாயங்காலம், அந்த ஊர் ஓட்டல் ஒன்றின் அறைக்கு சாப்பாடு போகிறது. லாப்ஸ்டர். சாப்பாட்டோடு சேர்ந்து ஒரு பையனும் உள்ளே நுழைந்துவிட்டான். வயசு 21. கல்லூரி மாணவன். உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தான். கச்சேரி முடிகிறவரை யாரையும் சந்திக்கமாட்டார் என்று சொல்லப்பட்ட பிரமுகரை முன்னதாகவே பிடிக்க, ஓட்டல் ஊழியரைச் சரிக்கட்டி அவன் செய்த ஏற்பாடு இது. ''பாட்டைப் பற்றி மட்டும் கேள். அரசியல் பக்கம் போகாதே'' என்று ஆபீசில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

உள்ளே, அரைக்கால் சட்டையும் ஹவாய் சட்டையுமாக உட்கார்ந்திருந்தவர் ஆம்ஸ்ட்ராங். அவசரப்படாதீர்கள். நிலாவுக்குப் போனாரே, அவர் நீல். இவர் லூயி. லூயி ஆம்ஸ்ட்ராங்.

அன்றைய தேதியில் உலகம் முழுக்கத் தெரிந்த கறுப்பு முகங்களில் ஒன்று அவருடையது. முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. ஒரு கையில் ட்ரம்பெட், மறு கையில் வெள்ளைக் கைக்குட்டை. சரளைக்கல்லை மிக்ஸியில் போட்டு அரைத்தால் வருமே, அப்படி ஒரு குரல். ஆனால் அந்தக் குரலில் பாட ஆரம்பித்தால் எழுந்து போக மனசு வராது. அரசியலா? ஊஹூம். மூச்சு விட்டதில்லை. 'வெள்ளைக்காரனுக்கு இளித்துக் காட்டிப் பிழைக்கிறவர்' என்று சொந்த இனத்து இளைஞர்களே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்திருந்த நேரம் அது.

பையன் ஒரே ஒரு கேள்வியை மட்டும் விதிமுறையை மீறிக் கேட்டான். லிட்டில் ராக் விவகாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

லிட்டில் ராக், அர்க்கான்சா மாநிலத்தின் தலைநகரம். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் 9 கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. சொன்ன நீதிபதி இதே கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர். அதனால்தான் பையனுக்கு அந்தக் கேள்வி தோன்றியது. மாநில கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் என்ன செய்தார்? துப்பாக்கியோடு படையைக் கொண்டுவந்து பள்ளி வாசலில் நிறுத்தினார். எதிரி நாட்டுக்காரனைத் தடுக்க அல்ல. புத்தகமும் கையுமாக வந்த ஒன்பது பிள்ளைகளைத் தடுக்க. வெளியே ஒரு கும்பல் கத்திக்கொண்டு நின்றது. ஜனாதிபதி ஐசன்ஹோவரோ, பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்ஸ்ட்ராங் வெடித்துவிட்டார். ஜனாதிபதி இரட்டை வேடக்காரர், தைரியம் கிடையாது என்றார். கவர்னரைப் படிப்பறிவில்லாத ஏரோட்டி என்றார். (அச்சில் வந்தது இது. அவர் வாயில் வந்ததை அச்சேற்ற முடியாது என்பதால், இருவரும் கூடிப் பேசி மாற்றிக்கொண்ட வார்த்தை.) தெற்கே என் ஜனங்களை நடத்துகிற விதத்துக்கு இந்த அரசாங்கம் நரகத்துக்குப் போகட்டும் என்றார். தேசிய கீதத்தின் மெட்டில் கெட்ட வார்த்தைகளைப் போட்டு ஒரு பாட்டு வேறு பாடிக் காட்டினார்.

செய்தி நிறுவனம் நம்பவில்லை. ஆம்ஸ்ட்ராங்காவது, இப்படிப் பேசுவதாவது! ஆதாரம் கொண்டுவா என்றார்கள். மறுநாள் காலையில் பையன் டைப் அடித்த தாளோடு திரும்பவும் போய் நின்றான். ஆம்ஸ்ட்ராங் படித்துப் பார்த்தார். ஒரு வார்த்தையையும் எடுக்காதே என்றார். 'கச்சிதம்' என்று பொருள்படும் ஒற்றை வார்த்தையை அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஐம்பத்தாறு வயது. பணம், புகழ், சொந்த வீடு எல்லாம் இருக்கிறது. அமெரிக்க அரசாங்கமே அவரை சோவியத் யூனியனுக்கு அனுப்பத் திட்டம் போட்டு வைத்திருக்கிறது. இத்தனையையும் ஒரு ராத்திரியில் பணயம் வைக்க வேண்டிய அவசியம் என்ன?

அதைப் புரிந்துகொள்ள நியூ ஆர்லியன்ஸுக்குப் போகவேண்டும்.

மிசிசிப்பி ஆறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற துறைமுக நகரம். பிரெஞ்சுக்காரன், ஸ்பானியன், ஆப்பிரிக்க அடிமை, கரீபியத் தீவுக்காரன் எல்லோரும் வந்து விழுந்து கலந்த ஊர். கல்யாணத்துக்கும் பாண்டு, கருமாதிக்கும் பாண்டு. இருபதாம் நூற்றாண்டு பிறக்கிற சமயத்தில் அங்கேதான் ஜாஸ் பிறந்தது. தேவாலயப் பாட்டு, தோட்டத் தொழிலாளிகளின் ப்ளூஸ், ராணுவ பாண்டு, ராக்டைம் பியானோ எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதித்த குழம்பு.

லூயி பிறந்த பகுதிக்கு 'போர்க்களம்' என்று பெயர். கத்திக்குத்து சகஜம் என்பதால் வந்த பட்டப்பெயர். அப்பா, குழந்தை பிறந்ததும் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். அம்மா மேயான், சின்னப் பெண். முதல் சில வருஷம் பாட்டிதான் வளர்த்தார். ஏழு வயதில் கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் பழைய சாமான் வண்டியில் வேலை. லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பகலில் பழைய சாமான், ராத்திரியில் கரி. ஒரு தகர ஊதுகுழலை ஊதி ஆள் சேர்ப்பது பையனின் வேலை. அடகுக் கடை ஜன்னலில் ஒரு பழைய கார்னெட்டைப் பார்த்து ஏங்கினான். விலை 5 டாலர். முதலாளி வீட்டில் சம்பளத்திலிருந்து 2 டாலர் முன்பணம் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு வாரம் 50 சென்ட் ஒதுக்கி, பையனே அடைத்தான். கார்னெட் என்பது ட்ரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி ஒரு வாத்தியம். அந்த வீட்டில்தான் ராத்திரியில் வயிறாரச் சாப்பிட்டேன் என்று கடைசிக் காலத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி எழுதிய குறிப்புகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

1912 டிசம்பர் 31. புது வருஷக் கொண்டாட்டம். லூயி, வீட்டிலிருந்த துப்பாக்கியை எடுத்துப்போய் தெருவில் வானத்தைப் பார்த்துச் சுட்டான். பக்கத்திலேயே போலீஸ். கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருஷம். தண்டனை என்று பெயர். ஆனால் அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் ஒரு பாண்டு வைத்திருந்தார். முதலில் கஞ்சிராவுக்கு அக்கா மாதிரி ஒரு தோல் வாத்தியம், அப்புறம் டிரம், அப்புறம் பியூகிள், கடைசியில் கார்னெட். வெளியே வரும்போது பையன் பாண்டுக்கே தலைவன். அன்றைக்கு அந்த போலீஸ்காரர் 'போடா' என்று விரட்டியதோடு விட்டிருந்தால்? யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம் கரி வண்டி. ராத்திரிகளில் மதுக்கடைகளில் வாசிப்பு. ஊரின் பெரிய கார்னெட் வித்வான் ஜோ ஆலிவர் தன் பழைய கார்னெட் ஒன்றைக் கொடுத்து, வித்தையும் சொல்லிக் கொடுத்தார். அவர் 1918-ல் சிகாகோவுக்குப் போய்விட்டார். அந்த வருஷங்களில் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். அங்கே தொழிற்சாலை இருக்கிறது, வேலை இருக்கிறது, மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் குறைவு. லூயி கொஞ்ச காலம் மிசிசிப்பியில் ஓடிய உல்லாசப் படகுகளில் வாசித்து, நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொண்டார். 1922 ஆகஸ்டில் ஆலிவரிடமிருந்து தந்தி வந்தது. புறப்பட்டு வா. அம்மா கட்டிக் கொடுத்த மீன் சாண்ட்விச்சோடு ரயிலேறினார்.

சிகாகோவில் நடந்ததை இரண்டு வரியில் தாண்டிப் போக முடியாது.

அதுவரை ஜாஸ் என்பது கூட்டு முயற்சி. கார்னெட், கிளாரினெட், ட்ராம்போன் மூன்றும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடி, ஆனால் மோதிக்கொள்ளாமல் ஒன்றுசேரும். சந்தைக் கூச்சல் மாதிரி, அதற்குள்ளேயே ஓர் ஒழுங்கு. தனி ஆளாக ஒருவர் நீட்டி வாசிப்பது அபூர்வம். 1923-ல் ஆலிவரின் பாண்டு இசைத்தட்டுக்கு வாசித்தது. அந்தக் காலத்தில் மைக் கிடையாது. பெரிய கூம்பு ஒன்றின் முன்னால் நின்று எல்லோரும் வாசிக்கவேண்டும். லூயியின் சத்தம் குருவின் சத்தத்தை விழுங்கிவிடுகிறது என்று அவரை மட்டும் பல அடி தள்ளி மூலையில் நிற்கவைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்த பாண்டில் பியானோ வாசித்த லில் ஹார்டின் அதைப் பார்த்தாள். படித்த பெண். 1924-ல் லூயியைக் கல்யாணம் செய்துகொண்டாள். ''இரண்டாவது ஆளாகவே எத்தனை நாள் இருப்பாய்?'' என்று நச்சரித்து, குருவிடமிருந்து பிரித்து நியூயார்க்குக்கு அனுப்பியது அவள்தான். இந்த நச்சரிப்புக்கு இசை உலகம் ஒரு கோயில் கட்டலாம்.

1925 முதல் 1928 வரை 'ஹாட் ஃபைவ்', 'ஹாட் செவன்' என்ற பெயர்களில் ஓகே கம்பெனிக்காக அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் இருக்கின்றனவே, ஜாஸின் அஸ்திவாரம் என்றால் அதுதான். வேடிக்கை என்னவென்றால் அந்த ஹாட் ஃபைவ் குழு பெரும்பாலும் ஸ்டூடியோவுக்காக மட்டுமே கூடியது. ஐந்து பேரும் மேடையேறியதே அபூர்வம். தட்டுகளைக் கறுப்பினத்தவருக்கென்று தனிப் பட்டியல் போட்டு விற்றார்கள். கடையில்கூடத் தனிப் பந்தி. வாசித்தவருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி. ராயல்டி கிடையாது. காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் வயிறு எரியத்தான் செய்யும்.

என்ன செய்தார் அதில்? கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்து, பாட்டின் மெட்டைத் தன் இஷ்டத்துக்கு வளைத்து, ஒரு கதை மாதிரி ஆரம்பித்து வளர்த்து முடிக்கலாம் என்று காட்டினார். நம் கச்சேரி கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அமெரிக்காவுக்கு அது புதுசு. தாளத்தில் அடி விழவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுவார், அல்லது முன்னால் எகிறுவார். கேட்கிறவனின் கால் தானாக ஆடும். 'ஸ்விங்' என்றார்கள். பின்னால் ஒரு தலைமுறையே அந்தப் பெயரில் நடனமாடியது.

1926-ல் 'ஹீபி ஜீபீஸ்' என்ற பாட்டு. பாதியில் வார்த்தைகளை விட்டுவிட்டு அர்த்தமில்லாத ஒலிகளாலேயே பாடித் தள்ளினார். பாட்டு எழுதிய தாள் கீழே விழுந்துவிட்டது, சமாளித்தேன் என்று அவர் பிற்பாடு சொன்ன கதையை நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கு முன்பே சிலர் அப்படிப் பாடியிருக்கிறார்கள். ஆனால் 'ஸ்காட்' என்ற அந்த பாணியை ஊரெங்கும் பரப்பியது இந்தத் தட்டுதான். 1928 ஜூனில் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. ஆரம்பத்தில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும். கால் நிமிஷம்கூட வராது. கேட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் ஜாஸைக் குடிகாரன் கேளிக்கை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

புகழ் வந்தது. கூடவே ரௌடிகளும் வந்தார்கள். மதுவிலக்குக் காலம். நைட் கிளப்புகள் கள்ளச்சாராயக் கோஷ்டிகளின் கையில். 1931-ல் ஒருவன் துப்பாக்கியோடு அவர் அறைக்கு வந்து, 'நாளை நீ நியூயார்க்கில் வாசிக்கிறாய்' என்று உத்தரவு போட்டான். அதே வருஷம் சொந்த ஊரில் கச்சேரி. வெள்ளைக்கார ரேடியோ அறிவிப்பாளர், ஒரு கறுப்பனை அறிமுகப்படுத்த என் நாக்கு வராது என்று மைக்கை விட்டு விலகிப் போனார். ஆம்ஸ்ட்ராங் தானே மைக்கைப் பிடித்து, தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொண்டு வாசித்தார். மெம்ஃபிஸில் பாண்டோடு மொத்தமாக உள்ளே தள்ளினார்கள். பஸ்ஸில் மேனேஜரின் வெள்ளைக்கார மனைவி, கறுப்பின வாத்தியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பது குற்றம். வெளியே வந்து ரேடியோவில் வாசித்தபோது, ஒரு பாட்டை மெம்ஃபிஸ் போலீசுக்குச் சிரித்தபடி சமர்ப்பணம் செய்தார். 'நீ செத்தால் எனக்கு சந்தோஷம், அயோக்கியப் பயலே' என்பது அந்தப் பாட்டின் பெயர். போலீஸ்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லையாம்.

அந்தச் சிரிப்பை இங்கே கவனித்துக்கொள்ளுங்கள்.

1935-ல் ஜோ கிளேசர் என்பவர் மேனேஜராக வந்தார். சிகாகோவின் நிழல் உலகத்தோடு பழக்கமுள்ள முரட்டு ஆசாமி. கடன், வரி, வழக்கு, ரௌடி எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். இவர் ஊதினால் போதும். கிளேசர் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்று இவர் கணக்குக் கேட்டதில்லை. ஏமாந்தாரா? இருக்கலாம். ஆனால் மேனேஜர் என்று ஒரு முரடன் இல்லாமல் நின்றவர்களின் கதியையும் அவர் பார்த்திருந்தார். 1937-ல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்தில், தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்தார். குரு ஜோ ஆலிவர். பல் போய், வாசிப்பு போய், எல்லாம் போய். கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மறு வருஷம் ஆலிவர் இறந்துபோனார்.

வருஷத்துக்கு முந்நூறு நாள் ஊர் ஊராக வாசிப்பு. உதடு வெடித்து ரத்தம் வரும். வெள்ளைக் கைக்குட்டை வியர்வைக்கு மட்டும் அல்ல. தெற்கே போனால் வாசித்த ஓட்டலிலேயே தங்க முடியாது, சாப்பிட முடியாது. நாற்பதுகளின் கடைசியில் புதுப் பையன்கள் வந்துவிட்டார்கள். டிஸ்ஸி கில்லெஸ்பி, மைல்ஸ் டேவிஸ். முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தாலும் வாசிப்போமே தவிர, வெள்ளைக்காரனுக்குப் பல்லைக் காட்டமாட்டோம் என்கிற தலைமுறை. ஆம்ஸ்ட்ராங்கின் சிரிப்பு அவர்களுக்கு அவமானமாக இருந்தது. நியாயம்தான். 1949-ல் சொந்த ஊர்த் திருவிழாவில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஜூலு ராஜாவாக அவர் ஊர்வலம் வந்ததை என்னாலும் ரசிக்க முடியவில்லை. கில்லெஸ்பி பிற்பாடு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அது அடிமையின் இளிப்பு அல்ல, தன் சந்தோஷத்தை யாரும் பிடுங்க விடாத பிடிவாதம் என்று தாமதமாகத்தான் புரிந்ததாம்.

அமெரிக்க அரசாங்கத்துக்கும் அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. பனிப்போர் காலம். 'உங்கள் நாட்டில் கறுப்பனை என்ன பாடுபடுத்துகிறீர்கள்' என்று ரஷ்யா கேட்கும்போதெல்லாம் காட்டுவதற்கு ஒரு முகம் வேண்டாமா? 1956-ல் அவர் கோல்டு கோஸ்ட் போனார். சுதந்திரம் வாங்கி கானா ஆவதற்கு ஒரு வருஷம் முன்னால். அக்ராவில் திறந்தவெளியில் திரண்டது ஒரு லட்சம் பேர் இருக்கும் என்கிறார்கள். அங்கே க்வாமே நிக்ருமாவுக்காக, கறுப்பாகப் பிறந்த வேதனையைச் சொல்லும் 'பிளாக் அண்ட் ப்ளூ' பாட்டைப் பாடினார். அடுத்த வருஷம்தான் கிராண்ட் ஃபோர்க்ஸ்.

அந்தப் பேட்டி நாடெங்கும் வெளியானதும் ரகளை. பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர், இத்தனை நாள் இனம் பிரித்து உட்கார்ந்த சபைகளில் வாசித்தவர்தானே என்று குத்தினார். ஒரு பத்தி எழுத்தாளர் அவர் கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொன்னார். அவர் சொன்னதற்கு வருந்துகிறார் என்று ஊர்ப்பயண மேனேஜர் ஓர் அறிக்கை விட, ஆம்ஸ்ட்ராங் அதையும் மறுத்தார். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை, சொன்னது சொன்னதுதான். ரஷ்யப் பயணத்தையும் உதறினார். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 24-ம் தேதி ஐசன்ஹோவர் ராணுவத்தை லிட்டில் ராக்குக்கு அனுப்பினார். பிள்ளைகள் பள்ளிக்குள் போனார்கள். ஆம்ஸ்ட்ராங் பேசியதால்தான் அனுப்பினார் என்று சொன்னால் அது கதை. ஜனாதிபதிக்கு வேறு நெருக்கடிகள் இருந்தன. ஆனால் செய்தி கேட்டதும் இவர் ஒரு தந்தி கொடுத்தார். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு பள்ளிக்கு நடந்து போவதாக இருந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று.

1960-ல் மறுபடியும் அரசாங்கச் செலவில் ஆப்பிரிக்கா. காங்கோவில் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அதே லியோபோல்ட்வில் நகரத்தில், அதே நாட்களில், பதவி பறிக்கப்பட்ட பிரதமர் லுமும்பா வீட்டுக்காவலில் இருந்தார். மூன்று மாதத்துக்குள் கொல்லப்பட்டார். ட்ரம்பெட் சத்தத்துக்குப் பின்னால் என்னென்ன நடக்கிறது என்பது ஊதுகிறவருக்கு எப்போதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஊர்வலங்களுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது, என் வாயில் அடிப்பார்கள், வாய் போனால் ஊத முடியாது, பணம் கொடுக்கிறேன் என்றார். 1965-ல் செல்மாவில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியபோது டென்மார்க்கில் இருந்தார். இயேசுவே கறுப்பராக வந்து ஊர்வலம் போனாலும் அடிப்பார்கள் என்றார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரே மேடையில் வாசிக்கக்கூடாது என்று 1956-ல் லூசியானா மாநிலம் சட்டம் போட்டதும், சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸுக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சட்டம் ஒழிந்த பிறகு, 1965-ல்தான் திரும்பி வந்து வாசித்தார்.

நடுவில் 1964 மே மாதம் 'ஹலோ டாலி'. பதினான்கு வாரம் முதலிடத்தை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த பீட்டில்ஸை 62 வயதில் இறக்கிவிட்டார். 1967-ல் 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்'. கம்பெனி முதலாளிக்கே அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. விளம்பரம் செய்யாமல் விட்டதில் அமெரிக்காவில் ஆயிரம் தட்டுகூட விற்கவில்லை. இங்கிலாந்தில் முதலிடம். 1987-ல் ஒரு வியட்நாம் சினிமாவில் வந்த பிறகுதான் அமெரிக்காவுக்கு அது ஞாபகம் வந்தது. பாடியவர் 1971 ஜூலை 6-ம் தேதியே தூக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்.

நியூயார்க்கில் அவர் வாழ்ந்த கொரோனா பகுதி வீடு 2003 முதல் மியூசியம். அறுநூறுக்கும் மேற்பட்ட டேப்புகளில் தன் வீட்டுப் பேச்சு, சிரிப்பு, வசவு, கோபம் எல்லாவற்றையும் தானே பதிவு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேடையில் பார்த்த ஆளா இது என்று கேட்கிறவர்கள் அசந்துபோகிறார்கள். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில், என்றாவது யாராவது கேட்கக்கூடும் என்று 27 இசைத் துணுக்குகள் கொண்ட தங்கத்தட்டு ஒன்றை வைத்து அனுப்பினார்கள். நம் கேசர்பாய் கேர்க்கர் பாடியது அதில் உண்டு. ஹாட் செவனின் 'மெலன்கலி ப்ளூஸ்' உண்டு. அந்த ஆம்ஸ்ட்ராங் நிலாவோடு திரும்பிவிட்டார்.

ஒரு பாக்கி இருக்கிறது. 1900 ஜூலை 4-ம் தேதி, நாட்டின் சுதந்திர தினத்தில் பிறந்தவன் என்றுதான் அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எண்பதுகளில் ஓர் ஆராய்ச்சியாளர், நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினார். பிறந்தது 1901 ஆகஸ்ட் 4. பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார் லத்தீனில் இரண்டு வார்த்தை எழுதி வைத்திருந்தார். கறுப்பு. முறை தவறிப் பிறந்தது.

2001-ல், நூறாவது வருஷத்தில், அந்த ஊர் விமான நிலையத்துக்கு அந்தக் குழந்தையின் பெயரை வைத்தார்கள்.